அவையில் ஒற்றைக் குரல்

நாட்டுக்கூத்துப் பார்க்கும் மக்களுக்கு ஓர் அரிய ஆற்றல் உண்டு. இலங்கை வேந்தன் கொலுவீற்றிருக்கும் அவையிலே பத்துப் பேர் எழுந்து பேசுவர். அவருள் எவன் சொல் மெய், எவன் சொல் முகமன் என்பதை எழுத்தறியாத மூதாட்டியும் அக்கணமே கண்டுகொள்வாள். வீடணன் வாய் திறந்த மாத்திரத்தே, 'சரியாய்த்தான் சொல்லுறான். அவன் எங்கை கேட்கப் போறான்!' என்று அருகிலிருப்பவளிடம் சொல்லிப் பெருமூச்செறிவாள்.

விடிந்ததும் அவள் வீட்டிலேயே ஓர் அவை கூடும். கடைசி மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குக் காணியை ஈடு வைப்பதா என்பது ஆலோசனை. முகவர் சொன்னவற்றையெல்லாம் மூத்தவன் ஒப்புவிப்பான். மாமன் ஆமோதிப்பான். அடுக்களைக் கதவடியில் நிற்கும் மருமகள், 'கொடுக்கிற காசுக்கு அந்தாள் ஏதும் துண்டு தருவாரோ, மாமி?' என்று மெல்லக் கேட்பாள். 'நல்ல காரியம் பேசேக்கை குறுக்கை பேசாதை, பிள்ளை' என்று விடை வரும். இரவெல்லாம் வீடணனுக்காக இரங்கிய வாயிலிருந்துதான் அவ்விடை வரும்.

யான் அம்மூதாட்டியைப் பழிக்கவில்லை. படித்தோர் கூடும் ஆசிரியர் கூட்டங்களிலும், ஆலய தருமகர்த்தா சபைகளிலும், நாடாளும் மன்றங்களிலும் நிகழ்வது இதுவே. அரங்கிலே நமக்கு இத்துணை எளிதிற் புலப்படும் அறிவின் குரல், வாழ்க்கையிலே நம் செவிக்கு எட்டாமற் போவது ஏன்? இலக்கியங் கற்போரும் கற்பிப்போரும் விடைகாண வேண்டிய வினா இது. நாடகத்திற் கண்டதை வீட்டிற் காண உதவாத கல்வி, ஏட்டுச் சுரைக்காயன்றி வேறென்ன?

அரங்கில் நம் அறிவு கூர்மையுறுதற்கு வெளிப்படையான காரணங்கள் இரண்டு. முதலாவது, கதையின் முடிவு நமக்குத் தெரியும். இலங்கை எரிந்ததையும் இராவணன் வீழ்ந்ததையும் அறிந்துகொண்டே அவன் அவையில் நாம் அமர்கின்றோம். இரண்டாவது, வேடமும் தாளமும் பாத்திரத்தின் இயல்பைக் காட்டிவிடுகின்றன. வரவுப் பாட்டிலேயே இவன் நல்லவன், இவன் செருக்குடையவன் என்பது தெரிந்துவிடும். வாழ்க்கையிலோ முடிவு தெரியாது. வரவுப் பாட்டும் இல்லை. இங்கே அறிவு வேடங் கட்டாமல் வருகிறது.

இவ்விரண்டினும் ஆழமான மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அதனைக் காண்பதற்குக் கம்பநாடகத்தின் உள்ளே சிறிது புகுதல் வேண்டும்.

யுத்த காண்டத்து மந்திரப் படலத்தை நினைவிற் கொள்க. அனுமன் நகரை எரித்துச் சென்றபின் இராவணன் அவை கூட்டுகின்றான். படைத்தலைவர் ஒவ்வொருவராக எழுந்து வீரம் பேசுகின்றனர். அப்போது வேந்தனை முதலில் இடித்துரைப்பவன் வீடணன் அல்லன், கும்பகருணன். பிறன் மனைவியைக் கவர்ந்து சிறை வைத்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேசுதல் தகுமோ என்று அவன் வினவுகின்றான். ஆயின் அத்துடன் நின்றானல்லன். செய்தது செய்தாயிற்று, இனி அவளை விடுதலும் இழிவாகும், ஆதலால் பகைவர் கடல் கடந்து வருமுன் நாம் சென்று பொருதல் வேண்டும் என்று முடிக்கின்றான். இராவணன் அப்பேச்சை மகிழ்ந்து ஏற்கின்றான். எப்பகுதியை ஏற்றான்? பழியைச் சுட்டிய முற்பகுதியை அன்று. போரைத் தூண்டிய பிற்பகுதியை. கேளாமையின் நுட்பமான வகை இது. சொல்லப்பட்டதில் தனக்கு உவந்ததை மாத்திரம் எடுத்துக்கொண்டு, 'நன்றாகச் சொன்னாய்' என்று பாராட்டியும் விடுதல்.

அடுத்து வீடணன் எழுகின்றான். இரணியன் கதையை விரித்துரைத்து எச்சரிக்கின்றான். இராவணன் அதே கதையைத் திருப்பி அவன்மேலேயே எறிகின்றான். தந்தை அழிதல் கண்டு உவந்த பிரகலாதனைப்போல, நீயும் நான் அழிந்தபின் செல்வம் துய்க்க எண்ணுகின்றாய் என்பது அவன் கூற்றின் சாரம். இது மற்றொரு வகைக் கேளாமை. சொல்லை விட்டுச் சொன்னவனின் நெஞ்சிலே பகையன்பைக் கற்பித்தல். நம் நாட்டில் இவ்வகைக்கு மிகுந்த செல்வாக்கு உண்டு. நம்மவர் அவைகளிலும் தனித்து நின்று ஒரு சொற் சொன்னவர்க்குத் 'துரோகி' என்ற ஒற்றைச் சொல்லே பலமுறை விடையாயிற்று. அச்சொல் விழுந்த இடத்தில், அவர் கூறியது சரியா பிழையா என்னும் வினா பிறகு எழவேயில்லை.

பாரதத்திலே இன்னொரு வகையைக் காண்கின்றோம். உறக்கமின்றித் தவித்த திருதராட்டிரன் விதுரனை வரவழைத்து நெடுநேரம் நீதி கேட்கின்றான். கேட்டது முழுவதையும் மெய்யென்று ஒப்புகின்றான். ஆயினும், துரியோதனனைக் கண்டதும் தன் மனம் வேறாகிவிடுகின்றது என்கின்றான். ஒப்புக்கொண்டே செய்யாது விடுதல் அவன் வழி. விதுரனைப் பிறப்பைச் சொல்லி இகழ்ந்து வாயடைத்தல் துரியோதனன் வழி.

கிரேக்க நாட்டார்க்கும் இது புதிதன்று. கி. மு. 5 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சொபோக்கிளிசு என்னும் நாடகப் பெரும்புலவர் 'அந்திகனி' என்ற நாடகத்திலே கிரெயோன் என்னும் அரசனைப் படைத்தார். போரில் மாண்ட ஒருவனுடைய பிணத்தை அடக்கஞ் செய்யலாகாது என்பது அவன் ஆணை. இறந்தவனின் தங்கை அந்திகனி அதனை மீறுகின்றாள். அரசனுடைய மகன் ஏமோன் தந்தைமுன் பணிவோடு நின்று, நகர மக்கள் உமக்கு அஞ்சி வெளியிற் சொல்லாததை நான் கேட்டு வந்தேன் என்கின்றான். பெருவெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் பிழைக்கும், வளையாதது வேரோடு போகும் என்று உவமை காட்டுகின்றான். கிரெயோனின் விடை யாது? இந்த வயதில் நான் ஒரு சிறுவனிடம் அறிவு கற்பதா என்பதே. பின்னர்க் குருட்டுத் தீர்க்கதரிசி வந்து அச்சுறுத்தியபோது அவன் மனந்திரும்புகின்றான். ஆனால் காலங் கடந்துவிடுகின்றது. அந்திகனியும் ஏமோனும் அரசியும் மாண்டொழிகின்றனர்.

இனி, முன்னர்க் குறித்த மூன்றாவது காரணத்துக்கு வருவோம். நாடகத்தில் அறிவின் குரலை நாம் ஒரு பாத்திரத்தோடு பிணைத்து வைத்திருக்கின்றோம். நல்லது சொல்பவன் வீடணன்; அல்லது சொல்பவன் இந்திரசித்து. இப்படிப் பாத்திரத்தைக் கொண்டு சொல்லை அடையாளங் காணும் பழக்கம் நமக்கு ஊறிவிட்டது. வாழ்க்கையிலோ அக்குரல் ஒருவர் வாயில் நிலைத்து நிற்பதில்லை. அது வாய்க்கு வாய் மாறுகின்றது. கம்பர் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியிருப்பவும் நாம் கவனியாது செல்கின்றோம்.

மந்திரப் படலத்திலே வீரம் பேசித் தந்தையை ஊக்கிய இந்திரசித்தை வீடணன் சிறுவன் என்று அதட்டினான். அதே இந்திரசித்து, தன் வேள்வி சிதைந்தபின், உடலெல்லாம் புண்ணோடு தந்தையிடம் மீள்கின்றான். இலக்குவனின் ஆற்றலை உள்ளவாறு உரைக்கின்றான். சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடு, அவர்கள் சினந் தணிவர். அஞ்சி இதைச் சொல்லவில்லை, உன்மேல் உள்ள அன்பினாற் சொல்கின்றேன் என்கின்றான். வீடணன் சொன்னதும், தாய்வழிப் பாட்டனான மாலியவான் சொன்னதும், போருக்குப் புறப்படுகையிற் கும்பகருணன் சொன்னதும், இறுதியில் இந்திரசித்து சொன்னதும் ஒரே சொல்தான். ஒருவன் பிரிந்து போனான், ஒருவன் முதியவன், ஒருவன் உடனிருந்து உயிர் கொடுத்தான், ஒருவன் முன்பு எதிர்மாறாகப் பேசியவன். சொன்னோர் நால்வர், சொல் ஒன்று. இராவணன் நால்வரையும் நால்வேறு காரணங் காட்டி ஒதுக்கினான். சொல்லை மாத்திரம் அவன் ஒருமுறையும் எடுத்து நிறுத்துப் பார்க்கவில்லை.

வீடணன் பெரியனா கும்பகருணன் பெரியனா என்று பட்டிமண்டபங்களில் நாம் நெடுங்காலமாய் வழக்காடி வருகின்றோம். அவ்வழக்கு இனிது. ஆயின் அதிலே ஈடுபட்ட நாமும் ஒருவகையில் இராவணன் செய்ததையே செய்கின்றோம். சொன்னவரை எடைபோடுகின்றோம், சொன்னதை மறந்துவிடுகின்றோம். யார் வாய்ப்பட்டதாயினும் பொருளின் மெய்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வகுத்தது இந்நோய்க்கு மருந்தாகவன்றோ?

நம் நாட்டு வரலாற்றிலே இதற்கொரு சான்றுண்டு. 1956 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழி என்னும் மசோதா பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. லங்கா சமசமாசக் கட்சியைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா எழுந்து, மொழி இரண்டாயின் நாடு ஒன்றாயிருக்கும், மொழி ஒன்றாயின் நாடு இரண்டாகும் என்னும் கருத்துப்பட எச்சரித்தார். அவர் சிங்களவர், அச்சொல்லால் அவருக்கு வரக்கூடிய ஊதியம் யாதும் இல்லை. மசோதா சட்டமாயிற்று. 1958 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களையும், 2009 வரை நீண்ட போரையும் கண்டபின், அச்சொல்லை நாடு திரும்பத் திரும்ப நினைவுகூர்கின்றது. அன்று கேட்டிருந்தால் யாவும் தவிர்ந்திருக்குமோ என்பதற்கு வரலாறு விடை தராது. எச்சரிக்கை கேட்கப்படவில்லை என்பது மாத்திரம் உறுதி.

ஆயின் கதை அங்கு முடியவில்லை. 1972 ஆம் ஆண்டு நிறைவேறிய குடியரசு அரசியலமைப்பு, சிங்களத்துக்கு அளிக்கப்பட்ட அந்நிலையை அரசியலமைப்பினுள்ளேயே பதித்தது. அதனை ஆக்கிய காலத்தில் அரசியலமைப்பு விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்தவர் அதே கொல்வின் ஆர். டி சில்வா. இந்திரசித்து தவறான சொல்லிலிருந்து சரியான சொல்லுக்கு வந்தான். இவரோ சரியான சொல்லைச் சொன்ன இடத்திலிருந்து பதினாறு ஆண்டுகளில் வேறிடம் சென்றார். 1972 இல் நின்ற இடத்தைக் காட்டி 1956 இல் சொன்னதைப் பொய்யாக்குதல் கூடாது. 1956 இன் சொல்லைக் காட்டி 1972 இன் செயலை மூடுதலும் கூடாது. அறிவின் குரல் எவர்க்கும் முதுசொம் அன்று. அது தங்கிச் செல்லும் விருந்தாளி.

அங்ஙனமாயின், வேடமில்லாது வாய்க்கு வாய் மாறிவரும் அக்குரலை எவ்வாறு அடையாளங் காண்பது? இலக்கியங்களிலிருந்து யான் திரட்டிய குறிகள் மூன்று.

முதற்குறி இலக்கணம் பற்றியது. அவையிலே புகழ்வோரின் பேச்சை உற்றுக் கேளுங்கள். அது பெரும்பாலும் ஏவலும் வியங்கோளும் அடைமொழியுமாய் இருக்கும். 'புறப்படுக, வெல்க, நீ நிகரற்றவன்' என்று ஓடும். இடித்துரைப்பவன் பேச்சிலோ 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் மிகுந்திருக்கும். இது செய்யின் இன்னது விளையும், அது நிகழின் இதனைச் செய்க என்பான். கும்பகருணன் போருக்குச் செல்லும்போது, என்னை அவர் வென்றாராயின் உன்னையும் வெல்வது உறுதி, பின்னர் எண்ணிக்கொண்டிராது அவளை விட்டுவிடு என்றான். கொல்வின் கூற்றின் வடிவமும் அதுவே. மருமகள் கேட்ட 'துண்டு தருவாரோ' என்பதனுள்ளும் ஒரு 'தராவிட்டால்' ஒளிந்து நிற்கின்றது. அறிவு சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை நம் கையில் வைத்துவிட்டுப் பேசுகின்றது.

இரண்டாங்குறி, சொல்பவன் சொல்லும் வேளையில் ஏற்கும் இழப்பு. கேட்போர்க்கு இனிதாகப் பேசினால் அவனுக்கு நன்மை உண்டு; அந்நன்மையைத் துறந்து பேசுகின்றான். மூன்றாங்குறி, அவன் ஒரு வழியும் காட்டுவான். தனித்த குரலெல்லாம் அறிவின் குரலாகிவிடாது. எதனையும் மறுப்பதே தொழிலாயிருப்போரும் உளர். மாலியவான் நல்லது சொன்னபோது அதனை மறுத்து எழுந்த மகோதரன் குரலும் மறுப்புக் குரல்தானே! எதிர்த்துப் பேசுதல் மாத்திரம் போதாது. எதிர்த்தவன் கையில் மீளும் வழியொன்று இருத்தல் வேண்டும்.

இம்மூன்று குறிகளும் ஒருங்கே அமைந்திருந்தும் ஒரு குரல் புறக்கணிக்கப்பட்டமைக்கு அண்மைக் காலத்துப் பெருஞ்சான்று ஒன்று உண்டு. 1986 சனவரி 28 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் 'சலஞ்சர்' விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கன்களிற் சிதறியது. எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர் பள்ளி ஆசிரியை. அதன் உந்துகலப் பொருத்துக்களை அடைத்து நின்ற இறப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்பதை, அவ்வுந்துகலத்தை ஆக்கிய மோட்டன் தயோக்கோல் நிறுவனத்துப் பொறியியலாளர் உரோசர் போசோலி அறிந்திருந்தார். உடனே நடவடிக்கை எடாவிடின் ஓர் ஓடத்தையே இழக்க நேரும் என்று 1985 யூலையிலேயே மேலாளர்க்கு எழுதியுமிருந்தார். 'எடாவிடின்' என்பதைக் காண்க.

புறப்பாட்டுக்கு முதல்நாளிரவு தொலைபேசி வழியாக ஓர் அவை கூடியது. பரனைற்று 53 பாகைக்குக் குறைந்த குளிரில், அதாவது சுமார் 12 பாகை செல்சியசிற்குக் கீழ், ஏவலாகாது என்று போசோலியும் அவருடன் நின்ற பொறியியலாளரும் கூறினர். அவர்கள் காட்டிய வழி எளியது: வெப்பம் ஏறும்வரை பொறுத்திருத்தல். நாசா அதிகாரிகள் அதனை விரும்பவில்லை. நிறுவனத்தார் சற்று நேரம் தனித்துக் கலந்தனர். பொறியியற் பிரிவின் தலைவரை நோக்கி, பொறியியலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளர் தொப்பியை அணியுமாறு மேலதிகாரி ஒருவர் சொன்னார். முகாமையாளர் நால்வர் முடிவு செய்தனர். பொறியியலாளர்க்கு அதில் வாக்கில்லை. ஓடம் பழுதற்றது என்று நிறுவும் பொறுப்பே வழமையானது. அன்றிரவோ பழுதுறும் என்பதை ஐயமற நிறுவுமாறு பொறியியலாளர் கேட்கப்பட்டனர். அறிவின் குரலை அடக்குவதற்கு அதனை அதட்ட வேண்டியதில்லை. நிறுவும் சுமையை அதன் தோளுக்கு மாற்றிவிட்டாற் போதும்.

இத்தகைய பேரவைகள் நமக்கு வாய்க்கப் போவதில்லை என்று எண்ணற்க. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையிலே நன்னீர் உவர்நீர்மேல் மிதந்து நிற்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே அதற்கு வரம்பாயிருந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியின் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகியபோது அவ்வரம்பு அற்றது. 'ஊறுமளவுக்கு இறை, மிஞ்சினால் உவர் ஏறும்' என்று சொல்லும் முதியவரை, இயந்திரத்துக்கு அஞ்சும் பழையவர் என்று நகைப்பது நம்மவர்க்கு எளிதாயிற்று. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகள் பல இன்று உவர்த்துக் கிடக்கின்றன. முதியவர் சொன்னதன் காரணத்தை நிலவியலார் அளந்து எழுதியுள்ளனர். அந்த முதியவர் வாயிலும் 'மிஞ்சினால்' என்றொரு எச்சம் இருந்தது. கேட்டவர் காதில் விழுந்தது அவருடைய வயது மாத்திரமே.

வள்ளுவர் இப்பொறுப்பை இரு பாலார்க்கும் பகிர்ந்தளித்திருக்கின்றார். அரசன் அறிவின்றி ஒதுக்கினும் உறுதி கூறுதல் அமைச்சன் கடன் என்பது ஒரு பக்கம். காதுக்குக் கசப்பினும் அச்சொல்லைப் பொறுத்தல் வேண்டும் என்பது மறு பக்கம். பின்னதை அவர் வைத்திருக்கும் இடத்தை நோக்குக. அமைச்சு என்னும் அதிகாரத்தில் அன்று, இறைமாட்சியில். கேட்டலை அவர் பணிவின் பாற்படுத்தவில்லை. ஆளும் தகுதியின் பாற்படுத்தினார். ஒரு வகுப்பை ஆளும் ஆசிரியர்க்கும், ஒரு வீட்டை ஆளும் தாய்க்கும் அத்தகுதி வேண்டற்பாலதே.

இதற்கு ஒழுங்குமுறையான வழியொன்றைப் பழைய யூதர் வகுத்திருந்தனர். உயிர்த்தண்டனைக்குரிய வழக்குகளிலே அவர்தம் நீதியவையில் இளையோரே முதலிற் கருத்துரைக்க வேண்டும் என்பது அவர்கள் மறைநூல் விதி. பெரியோர் முதலிற் பேசிவிட்டால் இளையோர் வாயடைந்து போவர் என்பதனை அவர் உணர்ந்திருந்தனர். நம் சபைகளில் முறை தலைகீழாயிருக்கின்றது. தலைவர் தம் முடிபைச் சொல்லியபின், 'யாருக்காவது ஏதேனும் சொல்ல இருக்கிறதா?' என்று கேட்கின்றார். யாருக்கு இருக்கும்?

ஆதலால் ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் யான் விண்ணப்பிப்பது சிறியதொன்றே. மந்திரப் படலத்தைப் படிக்கும்போது வீடணன் நல்லவன் என்று எழுதி மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் சங்கத்திலும் அடுத்த ஆலோசனை கூடும்போது, ஒரு முடிபின்மேல் யாவரும் தலையசைக்கும் அந்த வேளையில், இன்னும் பேசாதவர் யார் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அவர் பேசத் தொடங்கின், அவர் வயதையும் குலத்தையும் முன்பு பேசியதையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் சொல்லில் ஓர் 'ஆல்' இருக்கின்றதா என்று காது கொடுங்கள். இருந்தால், அந்த வாக்கியம் முடியும்வரையேனும் பொறுத்திருங்கள். இராவணன் அவையில் ஒருவரும் செய்யாத செயல் அதுவே.